எவ்வளவு காலம், யார் செலவில்?

2025 டிசம்பர் 19 அதிகாலையில் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு உக்ரைனுக்கு 9,000 கோடி யூரோ கடன். முதல்நாள் அவர்கள் கூடியபோது கையில் இருந்த திட்டம் வேறு. ஐரோப்பாவில் முடக்கி வைக்கப்பட்டுள்ள ரஷ்ய மத்திய வங்கியின் சொத்துகளைக் கொண்டு இந்தப் பணத்தைத் திரட்டுவது என்பதே அது. அச்சொத்துகளின் பெரும்பகுதி பெல்ஜியத்தில் உள்ள யூரோகிளியர் நிறுவனத்தில் இருக்கிறது. நாளை ரஷ்யா வழக்குத் தொடுத்து வென்றால் நட்டம் முழுவதும் தன் தலையில் விழும் என்று பெல்ஜியம் உடன்பட மறுத்தது. விடிவதற்குள் திட்டம் மாறிற்று. ஒன்றியமே சந்தையில் கடன் வாங்கி உக்ரைனுக்குக் கொடுக்கும். ரஷ்யாவிடமிருந்து போர் இழப்பீடு கிடைத்தால்தான் உக்ரைன் அதைத் திருப்பித் தரவேண்டும். வட்டிச் சுமை ஒன்றியத்தைச் சேர்ந்தது. அந்தச் சுமையில் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று ஹங்கேரி, ஸ்லோவாகியா, செக் குடியரசு ஆகிய மூன்றும் விலகிக்கொண்டன.

பணம் எங்கிருந்து வரும் என்பதைச் சுற்றியே விவாதம் நடந்தது. எதுவரை கொடுப்பது என்ற பழைய கேள்வி பின்னுக்குப் போயிற்று. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு; அது சொற்களிலேயே பதிவாகியிருக்கிறது. 2022இல் அமெரிக்க அதிபர் பைடனும் ஜி-7 நாடுகளின் தலைவர்களும் மேடைதோறும் சொன்னது, “எவ்வளவு காலம் ஆனாலும்” உக்ரைனுக்குத் துணை நிற்போம் என்பது. 2023 டிசம்பர் 12 அன்று வெள்ளை மாளிகையில் ஜெலென்ஸ்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பைடன் பேசியபோது அது “எங்களால் இயன்ற வரை” என்று சுருங்கியது. 2025 ஜூலையில் டிரம்ப் அதை வியாபார மொழிக்கு மாற்றினார்: ஆயுதங்களை அமெரிக்கா விற்கும், விலையை நேட்டோவின் மற்ற நாடுகள் கொடுக்கும். கொடையாகத் தொடங்கியது மூன்றே ஆண்டுகளில் கொள்முதலாக முடிந்தது. இந்த மூன்று சொற்றொடர்களில் எதிலும், போர் எந்தக் கட்டத்தில் எந்த நிபந்தனையில் முடியவேண்டும் என்பது இல்லை.

ஓர் அரசு தன் மக்களின் பணத்தை இன்னொரு நாட்டின் போருக்கு எவ்வளவு காலம் செலவிடலாம் என்ற கேள்வி நியாயமானது. அதை எழுப்புகிறவர்களை எல்லாம் எதிரியின் கையாள் என்று முத்திரை குத்துவது முதலாளித்துவ ஊடகங்களின் வழக்கம். கேள்வி நியாயமானது என்பதாலேயே அதைக் கேட்கிறவர்கள் அனைவரும் நியாயவான்கள் ஆகிவிடுவதும் இல்லை.

முதலில் கணக்கு. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த 2022 பிப்ரவரி 24க்குப் பின், அமெரிக்க நாடாளுமன்றம் ஐந்து சட்டங்களின் வழியாக உக்ரைன் தொடர்பான செலவுகளுக்கு ஏறக்குறைய 17,500 கோடி டாலர் ஒதுக்கியது. கடைசியானதும் பெரியதும் 2024 ஏப்ரலில் நிறைவேறிய 6,100 கோடி டாலர் சட்டம். செய்தித்தாள்கள் இதை “உக்ரைனுக்கான உதவி” என்றே எழுதின. உடைத்துப் பார்த்தால் காட்சி வேறு. 2,300 கோடி டாலர், ஏற்கெனவே அனுப்பிய ஆயுதங்களுக்குப் பதிலாக அமெரிக்க ராணுவத்தின் கிடங்குகளைப் புதிய ஆயுதங்களால் நிரப்புவதற்கு. ஏறக்குறைய 1,400 கோடி, உக்ரைனுக்காக ஆயுத நிறுவனங்களிடம் புதிய கொள்முதல் செய்வதற்கு. 1,100 கோடிக்கு மேல், அப்பகுதியில் அமெரிக்கப் படைகளின் சொந்த நடவடிக்கைகளுக்கு. உக்ரைன் அரசின் அன்றாடச் செலவுகளுக்கென வைத்த பொருளாதார உதவி 1,000 கோடிக்கும் குறைவு. அதுவும் பின்னால் தள்ளுபடி செய்யத்தக்க கடன் என்ற பெயரில்.

இது மறைத்துச் செய்யப்பட்டதன்று. அரசே இதைப் பெருமையாகச் சொன்னது. 2023 அக்டோபரில் நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில், பேட்ரியாட் ஏவுகணைகள் அரிசோனாவில் தயாராகின்றன, பீரங்கிக் குண்டுகள் பென்சில்வேனியா, ஓஹியோ, டெக்சாஸ் என்று பன்னிரண்டு மாநிலங்களில் தயாராகின்றன என்று பைடன் பட்டியலிட்டார். 2024 செப்டம்பரில் அமெரிக்கா சென்ற ஜெலென்ஸ்கி, பைடன் பிறந்த ஊரான ஸ்க்ராண்டனில் உள்ள ராணுவ ஆலைக்கே போய், 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளைத் தயாரிக்கும் தொழிலாளர்களுக்கு நன்றி சொன்னார். போருக்கு முன் மாதம் 14,000 என்றிருந்த அந்தக் குண்டுகளின் அமெரிக்க உற்பத்தியை 1,00,000 ஆக்குவது இலக்கு என்று ராணுவம் அறிவித்திருந்தது. பழைய நிலக்கரி நகரம் ஒன்றில் உலைகள் மீண்டும் எரிவதில் அங்குள்ள தொழிலாளிக்கு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்யும். அவரைக் குறை சொல்ல இடமில்லை. அவருக்கு வேறு வேலை எதையும் அந்த அரசு கொண்டுவரவில்லை என்பதுதான் குற்றம். போர் நின்றால் வேலை போகும் என்ற நிலையில் ஒரு தொழிலாளியை நிறுத்துவது, ஆயுத முதலாளிகளுக்குக் கிடைக்கும் எந்த லாபத்தைவிடவும் பெரிய அரசியல் லாபம்.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே கதைதான். ஜெர்மனியின் ஆயுத நிறுவனமான ரைன்மெட்டாலின் ஒரு பங்கு 2022 தொடக்கத்தில் 100 யூரோவுக்குள் கிடைத்தது. 2025இல் அது 1,500 யூரோவைத் தாண்டியது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

“எவ்வளவு காலம்” என்ற கேள்வியை அமெரிக்கா முன்பும் ஒருமுறை சந்தித்தது. தெற்கு வியட்நாமின் பொம்மை அரசைத் தாங்கிப் பிடிக்க அது 58,000 அமெரிக்கச் சிப்பாய்களைப் பலி கொடுத்தது. மாண்ட வியட்நாமியர் பல லட்சம். கட்டாய ஆள்சேர்ப்பு ஒவ்வொரு நகரத்தின் ஒவ்வொரு தெருவையும் தொட்டது. சவப்பெட்டிகள் வந்து இறங்கிய வேகத்தில்தான் பல்கலைக்கழகங்களும் தொழிற்சாலைகளும் கறுப்பின மக்களின் குடியிருப்புகளும் தெருவுக்கு வந்தன. 1973 ஆகஸ்ட் 15க்குப் பின் இந்தோசீனாவில் அமெரிக்கப் படை நடவடிக்கை எதற்கும் பணம் கிடையாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1975 ஏப்ரலில் சைகோனைக் காப்பாற்ற அதிபர் ஃபோர்டு மேலும் 72 கோடி டாலர் ராணுவ உதவி கேட்டபோது அதே நாடாளுமன்றம் கைவிரித்தது. அம்மாதம் 30ஆம் தேதி சைகோன் விடுதலையடைந்தது. அந்த ஆண்டுகளில் கொல்கத்தாவின் சுவர்களில் வியட்நாமின் பெயரை எழுதியவர்களுக்கு, அமெரிக்கத் துணைத் தூதரகம் இருந்த தெருவுக்கே ஹோ சி மின் பெயரைச் சூட்டிய மாநிலத்துக்கு, அந்தச் செய்தி அயல்நாட்டுச் செய்தியாக இருக்கவில்லை.

உக்ரைன் போர் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்ட ஏகாதிபத்தியத்தின் போர். இதில் அமெரிக்கச் சிப்பாய் இல்லை, கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை, சவப்பெட்டி இல்லை. உக்ரைனியர்கள் சாகிறார்கள், ரஷ்யர்கள் சாகிறார்கள், வாஷிங்டனில் வரவுசெலவுக் கணக்கில் ஒரு வரி கூடுகிறது. ரஷ்யா பலவீனப்படுவதைக் காண விரும்புகிறோம் என்று 2022 ஏப்ரலிலேயே அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் வெளிப்படையாகச் சொன்னார். நம் சிப்பாய் ஒருவரைக்கூட இழக்காமல் இதைச் சாதிக்கிறோமே, இதைவிட மலிவான பாதுகாப்புச் செலவு உண்டா என்று இரு கட்சிகளிலும் பேசினார்கள். பிறர் உயிரை வைத்து நடத்தும் போருக்குக் கால வரையறை எதற்கு? மக்களின் வேதனை போரை நிறுத்தும் என்ற அந்தப் பழைய கதவு அடைபட்டுவிட்டது. மிஞ்சியிருந்தது பணக்கணக்கு மட்டுமே. அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டவர்கள் வலதுசாரிகள்.

இந்தப் பொறுப்பு ஏன் வலதுசாரிகளிடம் போயிற்று? இதுவே தோழர்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டிய இடம். 2022 மே மாதம் 4,000 கோடி டாலர் ஒதுக்கீடு பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது ஆதரவு 368, எதிர்ப்பு 57. செனட்டில் 86க்கு 11. எதிர்த்தவர்கள் ஒருவர் விடாமல் குடியரசுக் கட்சியினர். ஜனநாயக சோஷலிஸ்டுகள் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் உறுப்பினர்களும், செனட்டில் பெர்னி சாண்டர்ஸும் ஆதரித்தே வாக்களித்தனர். அவ்வாண்டு அக்டோபரில் ஜனநாயகக் கட்சியின் முற்போக்குப் பிரிவினர் 30 பேர் பைடனுக்கு ஒரு கடிதம் எழுதினர். உதவியை நிறுத்தச் சொல்லவில்லை. உதவியோடு பேச்சுவார்த்தைக்கும் முயலுங்கள் என்று மட்டுமே கேட்டனர். சொந்தக் கட்சிக்குள்ளேயே கூச்சல் எழுந்தது. மறுநாளே கடிதம் திரும்பப் பெறப்பட்டது. அதை முன்னின்று வெளியிட்டவரும் திரும்பப் பெற்றவரும் அப்பிரிவின் அன்றைய தலைவர் பிரமிளா ஜெயபால், சென்னையில் பிறந்தவர். பேச்சுவார்த்தை என்ற ஒரு சொல்லை 24 மணிநேரம் தாங்கிப் பிடிக்க இயலாத முற்போக்கைக் கண்டபின், பென்சில்வேனியாவிலும் ஓஹியோவிலும் மருத்துவக் கட்டணத்துக்குக் கடன் வாங்கும் தொழிலாளி தன் கேள்விக்கு விடைதேடி வேறு வாசலுக்குப் போனதில் வியப்பில்லை.

அந்த வேறு வாசலில் கிடைத்தது என்ன? 2024 ஏப்ரல் 20 அன்று உக்ரைன் ஒதுக்கீடு 311க்கு 112 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த 112 பேரும் குடியரசுக் கட்சியினர். “நம் எல்லையை, நம் மக்களை முதலில் கவனியுங்கள்” என்பது அவர்களது முழக்கம். அதே நாளில், அதே அவையில், காசாவின் மீது குண்டுமழை பொழிந்துகொண்டிருந்த இஸ்ரேலுக்கான 2,600 கோடி டாலர் தனி வாக்கெடுப்புக்கு வந்தது. குடியரசுக் கட்சியில் அதை எதிர்த்தவர்கள் வெறும் 21 பேர். மணிக்கணக்கில் நம் மக்களின் பணம் என்று பொரிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பணத்தை இஸ்ரேலுக்குத் தயக்கமின்றித் தூக்கிக் கொடுத்தனர். அன்று இஸ்ரேலுக்கு எதிராக வாக்களித்த ஜனநாயகக் கட்சியினர் 37 பேர். பிரமிளா ஜெயபாலும் அவர்களுள் ஒருவர் என்பதையும் சொல்வதே நேர்மை.

அதன்பின் அவர்களே ஆட்சிக்கு வந்தனர். உக்ரைனுக்குப் புதிய ஒதுக்கீடு நின்றது. அந்தப் பணம் அமெரிக்கத் தொழிலாளிக்கு வந்ததா? 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரும் வரிச் சட்டம் ராணுவத்துக்குக் கூடுதலாக 15,000 கோடி டாலர் தந்தது. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை வெட்டியது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் சொந்த வரவுசெலவு அலுவலகம் கணித்தபடி, 2034க்குள் ஏறக்குறைய 1 கோடிப் பேர் இச்சட்டத்தால் காப்பீடு இழப்பார்கள். 2026 நிதியாண்டுக்கு டிரம்ப் அரசு கோரிய மொத்த ராணுவச் செலவு 1 லட்சம் கோடி டாலர். ஜெலென்ஸ்கிக்குக் கொடுக்காத பணம் எவருடைய பைக்குப் போகிறது என்று இனியும் ஆராய வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் இந்தச் செலவு நேரடியாகவே உழைக்கும் மக்களின் தட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. 2025 பிப்ரவரியில் பிரிட்டனின் தொழிற்கட்சிப் பிரதமர் கீர் ஸ்டார்மர், ராணுவச் செலவைக் கூட்டுவதற்காக ஏழை நாடுகளுக்கான வளர்ச்சி உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். அந்தத் துறையின் அமைச்சர் பதவி விலகினார். ஜூன் மாதம் ஹேக் மாநாட்டில், 2035க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் வரை ராணுவத்துக்கும் அது சார்ந்தவற்றுக்கும் செலவிடுவதாக நேட்டோ நாடுகள் ஒப்புக்கொண்டன. ஸ்பெயின் மட்டும் அது தன்னால் இயலாது என்று வெளிப்படையாகச் சொன்னது. பிரான்சில் ஜூலை 13 அன்று அதிபர் மக்ரோன் ராணுவச் செலவைக் கூட்டினார். இரண்டே நாள் கழித்துப் பிரதமர் பெய்ரூ மற்றெல்லாத் துறைகளையும் இறுக்கி 4,400 கோடி யூரோ மிச்சம்பிடிக்கும் திட்டத்தை வைத்தார். அதில் ஒரு யோசனை, ஆண்டில் இரண்டு பொது விடுமுறைகளை ரத்து செய்து தொழிலாளரை வேலை வாங்குவது. அவர் தேர்ந்தெடுத்த இரண்டில் ஒன்று மே 8. நாஜி ஜெர்மனி சரணடைந்த நாள்! செப்டம்பர் 8 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று அவர் வீட்டுக்குப் போனார்.

ஜெர்மனியின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் போருக்குப் பணம் என்ற கேள்வியில் உலக இடதுசாரி இயக்கம் உடைந்தது அந்த மண்ணில்தான். 1914 ஆகஸ்ட் 4 அன்று, 500 கோடி மார்க் போர்க்கடனுக்குக் கெய்சரின் அரசு ஒப்புதல் கேட்டபோது, உலகின் மிகப் பெரிய தொழிலாளர் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி ஆதரித்து வாக்களித்தது. முதல்நாள் கட்சிக் குழுவில் எதிர்த்த 14 பேரும் கட்டுப்பாட்டின் பெயரால் அவையில் ஆதரித்தனர். எதிர்த்தவர்களுள் ஒருவரான ஹூகோ ஹாசேயே கட்சியின் சார்பில் ஆதரவு அறிக்கையைப் படிக்க நேர்ந்தது. செய்தி தாங்கிய கட்சி ஏட்டின் பிரதியைக் கண்ட லெனின், அது ஜெர்மன் ராணுவத் தலைமை அச்சிட்ட போலிப் பிரதி என்றே முதலில் எண்ணினார். டிசம்பர் 2 அன்று இரண்டாவது போர்க்கடன் வந்தபோது கார்ல் லீப்னெக்ட் தன்னந்தனியாக எதிர்த்து வாக்களித்தார்.

2025 மார்ச் மாதம் அதே நாட்டில், அரசு கடன் வாங்குவதற்கு அரசமைப்பில் இருந்த வரம்பிலிருந்து ராணுவச் செலவுக்கு மட்டும் விலக்கு அளிக்கத் திருத்தம் வந்தது. உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்துக்கு மேற்பட்ட ராணுவச் செலவுக்கு இனி எவ்வளவும் கடன் வாங்கலாம். உக்ரைனுக்கான உதவியும் அந்த விலக்கில் அடங்கும். பள்ளிக்கூடத்துக்கோ மருத்துவமனைக்கோ அப்படிப்பட்ட வரம்பற்ற விலக்கு இல்லை. கூடவே உள்கட்டமைப்புக்கு 50,000 கோடி யூரோ நிதி என்று ஓர் இனிப்பு. இடது கட்சி நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தது. மூன்று நாள் கழித்து மாநிலங்களின் அவையில், அக்கட்சி கூட்டணி ஆட்சியில் பங்குவகிக்கும் பிரெமன், மெக்லென்பர்க்-மேற்கு பொமரேனியா ஆகிய இரு மாநிலங்களும் ஆதரித்தன. உள்கட்டமைப்பு நிதியில் மாநிலப் பங்கு கிடைக்கும் என்பது காரணம். ஆதரவு 53, தேவைப்பட்டது 46. அவ்விரு மாநிலங்களின் ஆறு வாக்குகள் இல்லாமலே திருத்தம் நிறைவேறியிருக்கும். தேவையே இல்லாத இடத்திலும் கை உயர்ந்தது. அதற்கு முந்தைய மாதத் தேர்தலில் இடது கட்சி பெற்றது 8.8 சதவீதம். உக்ரைனுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்து என்று முழங்கிய தீவிர வலதுசாரி ஏஎஃப்டி பெற்றது 20.8 சதவீதம்.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி எழும், எழவும் வேண்டும். பணத்தை நிறுத்தினால் உக்ரைனை ரஷ்யாவிடம் ஒப்படைப்பதாகாதா? ஆக்கிரமிப்புக்கு உள்ளான ஒரு தேசத்துக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை இல்லையா?

உண்டு. அதில் மழுப்பலுக்கு இடமில்லை. நேட்டோ கிழக்கு நோக்கி விரிந்ததும், 2008 புகாரெஸ்ட் மாநாட்டில் உக்ரைன் ஒருநாள் உறுப்பினராகும் என்று அது அறிவித்ததும் இந்தப் போருக்கான களத்தை அமைத்தன. அதனால் இன்னொரு நாட்டின் எல்லையைப் பீரங்கி வண்டிகளால் மாற்றும் உரிமை மாஸ்கோவுக்கு வந்துவிடாது. பழைய சோவியத் நினைவில் புதினின் ரஷ்யாவுக்குக் கைதட்டும் பழக்கம் இடதுசாரி வட்டங்களிலும் ஆங்காங்கே உண்டு. போருக்கு மூன்று நாள் முன், 2022 பிப்ரவரி 21 அன்று புதின் ஆற்றிய உரையை அவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். உக்ரைன் என்ற நாடே லெனினும் போல்ஷெவிக்குகளும் செய்த தவறால் உருவானது என்பது அவரது வாதம். தேசங்களின் சுயநிர்ணய உரிமையை ஏற்றதற்காக லெனினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் அவர் படையை அனுப்பினார்.

ஆனால் உக்ரைனைக் காப்பதாகச் சொல்லும் பணம் உக்ரைன் மக்களுக்கு என்ன செய்திருக்கிறது என்பதும் அதே கண்டிப்போடு கேட்கப்பட வேண்டும். 2022 ஆகஸ்டில், குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதே, 250 பேருக்கும் குறைவானோர் வேலைபார்க்கும் நிறுவனங்களில் போர்க்காலம் முழுவதும் கூட்டு ஒப்பந்தப் பாதுகாப்பை விலக்கி, தனித்தனி ஒப்பந்தத்தில் தொழிலாளரை அமர்த்தும் சட்டம் கையெழுத்தானது. கம்யூனிஸ்ட் கட்சி 2015இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நிதியம் 1,560 கோடி டாலர் கடன் திட்டத்தோடு தன் வழக்கமான நிபந்தனைகளைக் கொண்டுவந்தது. 2024 ஏப்ரலில் ராணுவத்துக்கு ஆள் திரட்டும் வயது 27இலிருந்து 25ஆகக் குறைந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று கையெழுத்தான கனிம ஒப்பந்தத்தின்படி, புதிய இயற்கைவள உரிமங்களில் உக்ரைன் அரசுக்கு வரும் வருவாயில் பாதி, அமெரிக்காவோடு சேர்ந்து நடத்தும் ஒரு முதலீட்டு நிதிக்குப் போகும். வெற்றி பெறும் அளவுக்குப் போதாத, போர் நின்றுவிடும் அளவுக்குக் குறையாத உதவி. விலையை நிலத்தடியில் உள்ளதிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு.

2022 மார்ச் 29 அன்று இஸ்தான்புல்லில், நடுநிலை நாடாக இருப்பதற்குப் பதிலாகப் பாதுகாப்பு உத்தரவாதம் என்ற வரைவை உக்ரைன் தரப்பே முன்வைத்தது. அது சில வாரங்களில் முறிந்துபோனது. யாரால் என்பதில் கூற்றுகள் பல. அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பேச்சுவார்த்தை என்பதே துரோகத்தின் மறுபெயராக இருந்தது. திடீரென 2025 பிப்ரவரி 18 அன்று ரியாத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் உட்கார்ந்து பேசின. ஆகஸ்ட் 15 அன்று அலாஸ்காவில் டிரம்பும் புதினும் சந்தித்தனர். இரண்டு இடத்திலும் உக்ரைனுக்கு நாற்காலி இல்லை. வலதுசாரிகள் வாக்களித்த சமாதானம் இதுதான். ஒருவருக்கு நிலம், ஒருவருக்குக் கனிமம்.

1917 நவம்பரில் ஆட்சிக்கு வந்த மறுநாள் சோவியத் அரசு வெளியிட்ட முதல் ஆணை சமாதானம் பற்றியது. நிலப்பறிப்பு இல்லாத, கப்பம் இல்லாத உடனடிச் சமாதானம் என்பது அதன் சாரம். இன்றைய விவாதத்தை அந்த இரண்டு அளவுகோல்களால் அளந்தால் குழப்பம் தீர்கிறது. நிலப்பறிப்பு கூடாது என்றால், 2022 செப்டம்பர் 30 அன்று டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், ஸபோரிஷியா, கெர்சோன் பகுதிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டதாக ரஷ்யா அறிவித்ததை ஏற்க முடியாது. கப்பம் கூடாது என்றால், உக்ரைனின் கனிமத்தில் பங்கு, கடன் நிபந்தனை, ஐரோப்பியத் தொழிலாளியின் ஓய்வூதியத்திலிருந்து வட்டி ஆகிய எதையும் ஏற்க முடியாது. உடனடிப் போர்நிறுத்தம், உக்ரைனும் உட்கார்ந்த பேச்சுவார்த்தை, அதன் கடன்கள் ரத்து, நேட்டோ விரிவாக்கத்துக்கு முற்றுப்புள்ளி: இவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கேட்கும் குரல் ஐரோப்பிய நாடாளுமன்றங்களில் மிக மெலிந்திருக்கிறது. உதவியை நிறுத்து என்று மட்டும் கேட்பது ஏஎஃப்டியின் குரல். உதவியைக் கொடு என்று மட்டும் கேட்பது ரைன்மெட்டாலுக்கு இனிக்கும் குரல்.

இந்தியா இந்தப் போருக்கு ஒரு ரூபாயும் ஒதுக்கவில்லை. ஆனாலும் செலவில் பங்கு வந்து சேர்ந்தது. போருக்கு முன் நாட்டின் கச்சா எண்ணெய் இறக்குமதியில் 2 சதவீதத்தைத் தொடாத ரஷ்ய எண்ணெய், பின்னர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. மலிவாக வந்த எண்ணெயின் ஆதாயத்தை ஜாம்நகரின் ரிலையன்ஸ், ரோஸ்நெஃப்ட் பங்குதாரராக உள்ள வாடினாரின் நயாரா போன்ற சுத்திகரிப்பு நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்துகிறவருக்கு அதன் மணம்கூட எட்டவில்லை. தண்டனை வந்தபோது அது வேறு முகவரிக்குப் போயிற்று. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்ட் 27 முதல் டிரம்ப் விதித்த கூடுதல் 25 சதவீதத்தோடு இந்தியப் பொருட்கள் மீதான வரி 50 சதவீதமானது. பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அமெரிக்காவுக்கு அனுப்பும் திருப்பூரில் ஆர்டர்கள் நிறுத்திவைக்கப்பட்டன. பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணுக்கு ஓவர்டைம் நின்றது. லாபம் ஈட்டியவரிடம் வசூலிக்காத வரியை அவர் கட்டினார்.

பிரஸ்ஸல்ஸில் ஒப்புக்கொண்ட 9,000 கோடி யூரோ, உக்ரைனின் இரண்டாண்டுத் தேவையில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் போதும் என்பது ஒன்றியத்தின் சொந்தக் கணக்கு. அது தீரும் ஆண்டு 2027. அந்த ஆண்டின் வசந்தத்தில் பிரான்சில் அதிபர் தேர்தல். 2024 ஜூன் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே 31 சதவீத வாக்கோடு முதலிடம் பிடித்தது தீவிர வலதுசாரி தேசியப் பேரணிக் கட்சி. “யார் செலவில்” என்ற கேள்வி அந்தத் தேர்தல் மேடைகளில் நிச்சயம் எழும். அதை எந்தக் கட்சி எழுப்பப்போகிறது என்பது இன்னும் முடிவாகவில்லை.